யார் அழைப்பும் இன்றி

அந்த நாற்காலி வேணாம்மா, இன்னும் ஈரம் காயல. பார்க்கக் காஞ்ச மாதிரிதான் இருக்கும், உட்கார்ந்தாத்தான் தெரியும். போன வாரம் கார் இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர் உட்கார்ந்துட்டு எழுந்தார், பின்பக்கம் ஒரு தேசப்படமே இருந்துச்சு. நான் சொல்லல. அப்படியே அனுப்பிட்டேன். இந்த ஸ்டூல்ல உட்காருங்க. தாள் பறக்குதா? ஜன்னல்ல கண்ணாடி இருந்தாத்தானே. அந்தக் கட்டையை எடுத்து மேல வச்சுக்கோங்க. ஆங், அதுதான்.

ஆமா, நான்தான். பதினாலாம் நம்பர் வீடு, மாடி. தனியா இருக்கேன். காலேஜ்ல தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன், முப்பத்திரண்டு வருஷம். எழுதிக்கிட்டீங்களா? பதிமூணு வீட்லயும் கேட்டு முடிச்சுட்டீங்கன்னு தெரியும், நீங்க ஒவ்வொரு வாசல்லயும் செருப்பைக் கழட்டறதை மேல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பதிமூணு வீட்லயும் யாரும் அந்த மனுஷனைக் கூப்பிடலன்னு சொல்லியிருப்பாங்க. குடியிருப்போர் சங்கத் தலைவர் நெஞ்சுல கையை வச்சுச் சொல்லியிருப்பாரே? சொன்னாரா? அவருக்கு எதைச் சொன்னாலும் கை அங்கதான் போகும். குப்பை வண்டி வரலன்னு சொன்னாலும் அங்கதான்.

கொடுங்க அந்தத் தாளை. அட, என் வாக்குமூலத்தை நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே டைப் அடிச்சுக் கொண்டுவந்துட்டீங்களே, ஆபீசரம்மா. எனக்கு வேலை மிச்சம். இருங்க, கண்ணாடி எங்க வச்சேன்... ம். புயல் நாளன்று விடுப்பில் இருந்த மரப் பிரிவு ஊழியர், யார் அழைப்பும் இன்றி, தன் விருப்பத்தின் பேரில் கடற்கரை நடைபாதைக்கு வந்து, இருபத்து மூன்றாம் எண் மரத்தின் கீழ் நின்றிருந்தபோது, இயற்கையின் சீற்றத்தால் உயிரிழந்தார். ஆகா. இயற்கையின் சீற்றம்! இதை எழுதினது யாரு, கிளார்க்கா? ஆபீஸ்ல இவ்வளவு பெரிய கவிஞரை வச்சுக்கிட்டா ரோட்டுக் குழியை மூட ஆள் இல்லங்கறீங்க?

யார் அழைப்பும் இன்றி. பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. லீவு போட்டு வீட்ல சோத்துல கை வச்ச மனுஷன். புயல் வருது, வெளியில வராதீங்கன்னு ஊர் பூரா மைக் கட்டிச் சொல்றாங்க. அவருக்குத் திடீர்னு கடல் காத்து வாங்கணும்னு ஆசை வந்துடுச்சு. கயிறையும் மரச் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்துட்டார். சரிதானே? காத்து வாங்கப் போறப்ப எல்லாரும் கயிறு எடுத்துக்கிட்டுத்தானே போறோம்.

என்ன? சுத்தியல் பத்தி இதுல இல்லையா? கயிறு மட்டும்தான் கிடைச்சுதா? அவர் எங்க போனாலும் அதைக் கொண்டுபோவார்மா, அதனால சொன்னேன். நீங்க குடிக்க என்ன, டீயா தண்ணியா? தண்ணி போதுமா. சரி.

கோபம் இல்ல, உங்க மேல எனக்கென்ன கோபம். விஷயம் எனக்குத் தெரியும். பைப் ரிப்பேருக்கு வந்தவர்கூட நேத்து விளக்கமாச் சொல்லிட்டுப் போனார். பொதுமக்கள்ல யாராவது கூப்பிட்டு அவர் வந்திருந்தா அது டூட்டி. தானா வந்திருந்தா வேடிக்கை. டூட்டின்னா அவர் சம்சாரமும் ரெண்டு பொண்ணுங்களும் ஊழியர் குடியிருப்புல இருக்கலாம். வேடிக்கைன்னா முப்பது நாள்ல வீட்டைக் காலி பண்ணணும். அந்தம்மா சொல்றாங்க, கடற்கரை வீட்டிலிருந்து ஒரு பொம்பளை போன் பண்ணினாங்கன்னு. பேர் தெரியல. அவர் போனும் அவரோட சேர்ந்து நசுங்கிப்போச்சு. அதனால வீட்டுக்காக அந்தம்மா பொய் சொல்லுதுன்னு உங்க ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. போன் கம்பெனியில கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடாதா? ஓ, அதுக்கு மேலதிகாரி எழுதிக் கொடுக்கணுமா. அவர் எழுதலயா. எப்படி எழுதுவார், எழுதினா தெரிஞ்சுடுமே.

நம்ம அனுதாபக் கூட்டத்துக்கு நீங்க வந்தீங்களா? வந்திருக்கணும். அறுபத்திரண்டு மரத்துல நாப்பது போச்சுன்னு சங்கம் நடத்துச்சு. நடைபாதையில பந்தல் போட்டு, விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாலை. நாப்பது மாலை. பூ பறிச்சது எந்த மரத்திலன்னு கேட்கக் கூடாது. எங்கள் பசுமைத் தோழர்களேன்னு தலைவர் ஆரம்பிச்சார். ரெண்டு மணி நேரம். கை நெஞ்சை விட்டு இறங்கவே இல்ல. கடைசியில, மேலும் இத்துயரத்தில் ஓர் ஊழியரையும் இழந்தோம்னார். மேலும்! மரத்துக்கு மாலை, மனுஷனுக்கு ஒரு மேலும்.

போன வருஷம் இதே தலைவர்தான் நடைபாதையை அழகுபடுத்தறேன்னு அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டு மெழுகினார். வேர் கல்லைத் தூக்குதாம், நடக்கறவங்க காலைத் தடுக்குதாம். கடல் பக்கத்து வேரையெல்லாம் வரிசையா வெட்டி, மேல சிவப்புக் கல்லு பதிச்சாங்க. விழுந்ததெல்லாம் ஒரே பக்கமா விழுந்து கிடக்கே, நீங்க பார்க்கலயா? அணிவகுப்பு மாதிரி. காத்துக்கு அவ்வளவு ஒழுங்கு வராதும்மா. அதையும் இயற்கையின் சீற்றத்துல சேர்த்துக்கோங்க.

இருபத்திமூணாம் நம்பர் மரம் நிக்குதே, அதுவா? அது விழல. கிளைதான் விழுந்துச்சு. கிளைன்னா ஏதோ விறகுன்னு நினைக்காதீங்க, படர்ந்தது இந்தக் கூடம் அகலத்துக்கு மேல. ரோட்டைத் தாண்டி நீண்டு, நுனி இந்த பால்கனியைத் தொடும். தூங்குமூஞ்சி மரம். பேரைப் பாருங்க, ஆபீஸ்ல வளர்க்க வேண்டிய மரம். சித்திரை வெயில்லகூட இந்த அறையில விளக்கு போட்டாத்தான் படிக்க முடியும், அவ்வளவு நிழல். கையை நீட்டினா ரோஸ் கலர்ல பூ. ஒரு கிளை நம்மைத் தேடி வீடு வரைக்கும் வருதுன்னா... சரி, அதை விடுங்க. அதெல்லாம் உங்க தாள்ல எந்த இடத்துல எழுதுவீங்க.

அவரைத் தெரியுமாவா? இந்த ரோட்ல யாருக்குத் தெரியாது. தட்டுக்காரர்னுதான் பேரு. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒவ்வொரு மரமா, மரச் சுத்தியலால தட்டுவார், காதை வச்சுக் கேட்பார். ரெண்டு அடி தள்ளி இன்னொரு தட்டு. உள்ளே கெட்டியா இருந்தா ஒரு சத்தம், பொக்கா இருந்தா ஒரு சத்தம். டாக்டர் நெஞ்சுல தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. ஆனா டாக்டர் மாதிரி அவசரப்பட மாட்டார். எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்து, ஏணி போட்டு அந்தக் கிளையில அரை மணி நேரம் தட்டினார். இறங்கி வந்து, அம்மா, இந்தக் கிளை பேசல, எடுத்துடணும்னார்.

பேசலயாம். நான் சிரிச்சேன். இலையைப் பாருங்க, எப்படிப் பச்சையா இருக்குன்னு கேட்டேன். இலை பேசும்மா, மரம் பேசலன்னார். எனக்கு வந்ததே கோபம். முப்பத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்ல தண்டை வெட்டி வச்சுச் சொல்லிக்கொடுத்தவகிட்ட, அஞ்சாவதோட நின்ன ஒருத்தர், மரம் பேசலங்கறார். உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன் பாருங்க. நானே சொல்லக்கூடாது, அப்படி ஒரு தமிழ். தாவரவியல் பேராசிரியர் என்ற முறையில் இக்கிளை பூரண ஆரோக்கியத்துடன் உள்ளதெனச் சான்றளிக்கிறேன். இருநூத்தி ஆறு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னோடது. உங்க ஆபீஸ் பயந்துடுச்சு. வெட்டாம, கீழ ஒரு இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. போறப்ப அவர் ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதி இந்த மேஜைமேல வச்சார். ஏதாச்சும் வித்தியாசமா தெரிஞ்சா கூப்பிடுங்கம்மா, லீவுன்னாலும் வரேன்னார்.

தமாஷ் என்ன தெரியுமா? வயசான மரத்துல நடுவுல இருக்கறது உயிரில்லாத கட்டை. பட்டைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிசு வளையம், அதுலதான் மரம் பிழைக்குது. நடு முழுக்க உளுத்துப்போனாலும் இலை பச்சையாத்தான் இருக்கும். ரெண்டாம் வருஷப் பாடம். வருஷா வருஷம் கரும்பலகையில படம் போட்டு, இதைப் பரீட்சையில கேட்பேன்னு சொல்லி, கேட்டும் இருக்கேன். தப்பா எழுதின பிள்ளைங்களுக்கு முட்டை போட்டிருக்கேன்.

என்னம்மா எழுந்துட்டீங்க? கையெழுத்து வேணாமா? உட்காருங்க. இன்னும் ஒரு வீட்டுக்குப் போகணும்னு சொல்லாதீங்க, இதுக்கு அப்புறம் கடல்தான் இருக்கு.

புயல் அன்னைக்கு நான் என்ன பார்த்தேன்னுதானே கேட்டீங்க. பன்னெண்டு மணி இருக்கும். வானம் அடுப்புக்கரி மாதிரி ஆயிடுச்சு. தூங்குமூஞ்சி இலை இருட்டினா மூடிக்கும், மழை மூட்டம்னாலும் மூடிக்கும். அன்னைக்குப் பட்டப்பகல்ல மொத்த மரமும் கண்ணை மூடிக்கிச்சு. இத்தனை வருஷமா அந்த பால்கனியில நின்னு நான் பார்த்ததெல்லாம் இலைதாம்மா. அன்னைக்குத்தான் முதல் தடவையா கிளையைப் பார்த்தேன். அடிமரத்தை விட்டுப் பிரியற இடத்துல, மேல்பக்கமா, ஒரு விரிசல். கை நுழையலாம். காத்து வர்றப்ப திறக்குது, காத்து நின்னா மூடிக்குது. கீழ இருந்து அண்ணாந்து பார்த்தா தெரியாது. இந்த ஊர்ல அது தெரியற ஒரே இடம் என் பால்கனி.

நாலஞ்சு நாள் கழிச்சு அவர் சம்சாரம் வந்தாங்க. கிளையை அறுத்துக்கிட்டு இருந்த ஆளுங்ககிட்ட, சுத்தியல் ஒண்ணு கிடைச்சுதா, சுத்தியல் ஒண்ணு கிடைச்சுதான்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே போனாங்க. அப்புறம் நிமிர்ந்து இந்த வரிசை வீடுகளை ஒண்ணொண்ணாப் பார்த்தாங்க. நான் திரைக்குப் பின்னாடி நகர்ந்துட்டேன். அறுபத்தொம்பது வயசுல, இந்த முட்டியை வச்சுக்கிட்டு, அவ்வளவு வேகமா நகர முடியும்னு எனக்கே தெரியாது.

நீங்க ரொம்ப நேரமா அந்தக் கட்டையையே பார்த்துக்கிட்டிருக்கீங்க. பாருங்க, பாருங்க. பிடி தேஞ்சிருக்கே, கட்டைவிரல் பட்ட இடம். அவரோடதுதான்.

மூணு தடவை போன் பண்ணினேன். ரெண்டு தடவை எடுக்கல. மூணாவது தடவை அந்தம்மாதான் எடுத்தாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்னாங்க. அவசரம், கொடுன்னேன். அவர் வாயில சோத்தோடயே பேசினார். முட்டுக் கம்பி நகர்ந்திருக்கு, உடனே வந்து கயிறு போட்டுக் கட்டுங்கன்னேன். விரிசல்னு சொல்லல. பதட்டத்துல மறந்துட்டேன்னு எழுதினா கௌரவமா இருக்கும், ஆனா மறக்கல. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா, அவர் அன்னைக்குத் தட்டிச் சொன்னது சரின்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல.

வந்தார். சைக்கிளை என் கேட்ல சாத்தினார். அந்தக் காத்துல தட்டினார், அவருக்கே கேட்டிருக்காது. காதை மரத்தோட ஒட்டவச்சுப் பார்த்தார். சரிவரல போல. சுத்தியலை என் வாசப்படியில வச்சுட்டு, ரெண்டு கையிலும் கயிறைப் பிடிச்சுக்கிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதும்மா, எங்கன்னு தலையாலயே கேட்டார். நான் முட்டுக் கம்பியைக் காட்டினேன்.

அதுக்குக் கீழதான் போனார்.

எழுதுங்க. யார் அழைப்பும் இன்றி, தன் விருப்பத்தின் பேரில்னு இருக்கே, அந்த ரெண்டையும் அடிச்சுட்டு, பதினாலாம் நம்பர் வீட்டு அம்மா கூப்பிட்டதன் பேரில்னு எழுதுங்க. என் போன்ல இருக்கு பாருங்க, பன்னெண்டு பத்து, பன்னெண்டு பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு. தேதியோட குறிச்சுக்கோங்க. விரிசலையும் எழுதுங்க. என்ன? அது வேணாமா? கூப்பிட்டது ஒண்ணே போதுமா? ஓ. அதுக்கு உங்க தாள்ல இடம் இல்லையா. சரி. அது இங்கயே இருக்கட்டும்.

எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா? கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, காத்து. அப்புறம், போறப்ப அந்தச் சுத்தியலையும் கொண்டுபோயிடுங்கம்மா. அவங்க வீட்ல தேடறாங்க.