முதுகு காட்டிய சிங்கம்

தலைமைப் பொறுப்பேற்று இந்த அவையை அழகு செய்துகொண்டிருக்கும் கண் மருத்துவர் ஐயா அவர்களே! இந்தக் கோடை விடுமுறை முழுவதும் மழலையர் கைவினை முகாமை நடத்தி, இன்று நிறைவு விழா காணும் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்று, குளிப்பாட்டி, தலை சீவி, பவுடர் பூசி, பத்திரமாக அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் தந்தைமார்களே! முன்வரிசை நாற்காலிகளில் கால் தரையைத் தொடாமல் அமர்ந்திருக்கும் என் குட்டித் தோழர்களே, தோழியரே! இறுதியாக, அதோ அந்தக் கண்காட்சி மேசைக்கு அடியில், வெள்ளை விரிப்புக்குள், காலையிலிருந்து வெளியே வராமல் அமர்ந்திருக்கும் தோழி மிளகு அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். சிரிப்பதற்காக நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவளுக்கு வயது நான்கு. ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் வீட்டில் மிளகு என்று கூப்பிடுகிறார்களாம். அவள் செய்வது விளையாட்டல்ல, உள்ளிருப்புப் போராட்டம்! ஆலை வாசலில் கத்திக் கத்தியே தொண்டையைத் தேய்த்துக்கொண்ட தொழிற்சங்கத்துக்காரன் நான். எது போராட்டம், எது பிடிவாதம் என்று எனக்குத் தெரியாதா?

நான் என்ன நினைத்து வந்தேன் தெரியுமா? பிள்ளைகளின் விழா, பெரிதாகப் பேச வேண்டியதில்லை, வாழ்த்திவிட்டு, கோப்பையைக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வந்தேன். கொஞ்சம் முன்கூட்டியே வந்தது என் குற்றம்! பொறுப்பாளர் அம்மையார் மேசைக்கு அழைத்துப் போனார். காகிதத் தட்டில் செய்த சிங்கங்கள். ஆரஞ்சுக் கம்பளி நூலில் பிடரி, கறுப்புப் பொத்தானில் கண், வளைந்த மீசை, சிரித்த வாய். அடடா, என்ன அழகு! அடுத்ததைப் பார்த்தேன். அதே பிடரி, அதே பொத்தான், அதே சிரிப்பு. அதற்கடுத்தது? அதே சிரிப்பு! மேசையின் அந்தக் கடைசி வரைக்கும் ஒரே சிரிப்பு!

"இதுல பெஸ்ட்டா ஒண்ணு செலக்ட் பண்ணுங்க சார், அதுக்குத்தான் கப்பு" என்றார் அம்மையார்.

எதை எடுப்பேன்? எதை விடுவேன்? சரி, செய்தவர்களையே கேட்போம் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டேன். "அவங்கவங்க சிங்கத்தை எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன். ஒரு கைகூடச் சட்டென்று நீளவில்லை! ஒரு பையன் ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான், வைத்தான். கடைசியில் என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: "தாத்தா, இதுல எதுல என் பேரு எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதே."

கேட்டீர்களா பெரியோர்களே? தான் செய்த பொருளைக் கண்டுபிடிக்க அந்தக் குழந்தைக்கு எழுத்து தெரிய வேண்டியிருக்கிறது! தன் கை பட்டதைத் தன் கண் அறியாதா? அறியும்! கை பட்டிருந்தால் அறியும்!

இன்னொரு வாண்டு என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. "நாங்க பண்ணதெல்லாம் கீழ பெட்டியில கெடக்கு தாத்தா."

விரிப்பைத் தூக்கினேன். ஓர் அட்டைப்பெட்டி. அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மிளகு. பெட்டிக்குள்ளே பார்த்தேன் ஐயா! மூன்று கண் சிங்கம்! நெற்றியில் வாய் வைத்த சிங்கம்! பசையைக் கொட்டிக் கொட்டிக் கனத்துப்போன சிங்கம்! அவற்றுக்கு நடுவே, முனை மழுங்கிய குட்டிக் கத்தரிக்கோல்கள், உறை பிரிக்காமல், கட்டுக் கட்டாக. கத்தரிக்கோலுக்குக் கதவடைப்பு! காகிதத்துக்குக் கதவடைப்பு! குழந்தையின் கைக்கே கதவடைப்பு!

குனிந்து உட்கார்ந்து கேட்டேன். "ஏம்மா, உன் சிங்கம்தான் மேல அழகா இருக்கே. வெளிய வாயேன்."

"அது என்னுது இல்ல. என்னுது இது."

அவள் காட்டிய தட்டில் முழுக்க முழுக்க நூல். கண் இல்லை, மூக்கு இல்லை, ஒன்றுமே இல்லை.

"மூஞ்சி எங்கம்மா?"

"அந்தப் பக்கம் இருக்கு."

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அங்கும் இல்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆலை முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "தாத்தா, லீவு விட்டாச்சு. சிங்கம் அவங்க வீட்டுக்குப் போயிட்டு இருக்கு. திரும்பி நடந்து போனா மூஞ்சி எப்படித் தெரியும்?"

ஆம், கைதட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவீர்கள்? தட்டிவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள். "அப்போ வால் தெரியணுமே?" என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "இருந்துச்சு. ஆன்ட்டி பிச்சுட்டாங்க. அங்க கண்ணு வைக்கணுமாம்." தட்டின் நடுவில், பசை காய்ந்த தழும்பு மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அம்மையாரிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, அந்த நேர்மைக்கு நன்றி. "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க சார்? போட்டோ அனுப்புன உடனே பேரன்ட்ஸ் போன் பண்றாங்க. 'பக்கத்து வீட்டுப் புள்ளையுது நல்லா இருக்கு, எங்க புள்ளையுது ஏன் இப்படி இருக்கு, காசு வாங்கிட்டு என்னதான் சொல்லித் தர்றீங்க?'ன்னு கேக்குறாங்க. நானும் ரெண்டு டீச்சரும் உக்காந்து எல்லாத்தையும் புதுசா செஞ்சோம். கையெல்லாம் கொப்புளம் சார்."

இப்போது ஏன் கைபேசிகள் கீழே இறங்குகின்றன? பிடியுங்கள், நன்றாகப் பதிவு செய்யுங்கள்! ஒருவன் உழைக்க, இன்னொருவன் பெயர் போட்டுக்கொள்வதை எதிர்த்து வெயிலில் நின்றவன் நான். இங்கே அந்த அநியாயத்தையும் தலைகீழாக்கியிருக்கிறீர்கள்! குழந்தை செய்தது குப்பையில். குழந்தை செய்யாததில் குழந்தையின் பெயர்! கொப்புளம் அம்மையாருக்கு, கோப்பை குழந்தைக்கு, பெருமை உங்களுக்கு! இதில் யாருக்கு என்ன கிடைத்தது?

மூன்றாவது வரிசையில் ஓர் அண்ணன் என்னவோ சொல்கிறார். என்ன அண்ணே? "நாலு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும், விடுங்க"வா? விடமாட்டேன்! போகிற சிங்கத்துக்கு முகம் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரிந்ததா? பார்வையைச் சோதித்தே பழகிய நம் தலைவர் ஐயாவுக்குத்தான் தெரிந்ததா?

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கிக்கொள்ளவும்.' ஐயா, இன்னும் ஐந்தே நிமிடம். என் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியாது, அதனால் தைரியமாக அனுமதிக்கலாம்.

அங்கே ஒரு தங்கை எழுந்து நிற்கிறார். சொல்லம்மா. மிளகோட அம்மாவா? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"சார்... நேத்து போட்டோ வந்துச்சு. 'என் தங்கமே, எவ்ளோ அழகா பண்ணியிருக்க'ன்னு கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்தேன். ஓன்னு அழுதா. எதுக்கு அழறான்னே எனக்குப் புரியல சார்."

உட்காரம்மா. கண்ணைத் துடைத்துக்கொள். உன் அன்பில் குறையில்லை. ஆனால் யோசித்துப் பார், தாயே! அம்மா தந்த முத்தம் வேறு யாரோ செய்த சிங்கத்துக்குப் போய்விட்டது என்றால், அந்தப் பிஞ்சு அழாமல் என்ன செய்யும்?

கோடை விடுமுறை எதற்கு? கத்தரிக்கத்தானே, கசக்கத்தானே, கொட்டத்தானே, கோணலாக ஒட்டத்தானே! விரலில் பசை காய்ந்து, அதை உரித்து உரித்துச் சிரிக்கத்தானே! நேராக வெட்ட இயந்திரம் இருக்கிறது ஐயா. நேராக வெட்டவா குழந்தையைப் பெற்றோம்?

இந்தக் கோப்பையை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அம்மையாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் பூச்செடி வையுங்கள். தம்பிகளே, அந்தப் பெட்டியை மேடைக்குக் கொண்டுவாருங்கள். மேசையில் சிரிப்பவர்களை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்று கண்ணனை முன்னால் வையுங்கள். பிள்ளைகளே, இப்போது வாருங்கள், உங்கள் சிங்கத்தை எடுங்கள்! பாருங்கள் பெரியோர்களே, பாருங்கள்! எவனாவது பெயரைத் தேடுகிறானா? எவளாவது தயங்குகிறாளா? படிக்கத் தெரியாது என்றானே, அவன் தன் சிங்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான், பாருங்கள்!

பெட்டியின் அடியில் இதோ ஒரு வால். யாரிடம் பசை இருக்கிறது? நன்றி அம்மையாரே, முதல் ஆளாக ஓடி வந்தீர்கள். தோழி மிளகு அவர்களே, கோரிக்கை ஏற்கப்பட்டது, வாருங்கள். வந்துவிட்டாள்! விரிப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்! இல்லை, யாரும் உதவ வேண்டாம். அவளே ஒட்டட்டும். பசை அதிகமா? ஆகட்டும். வால் கோணலா? அது அவள் சிங்கம், அவள் வால்.

என்னம்மா? காதில் சொல்.

தோழி சொல்கிறார்: "தாத்தா, காயிற வரைக்கும் நீங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும். விடக்கூடாது."

உத்தரவு! ஆகவே அவையோரே, ஒலிவாங்கியைப் பிடிக்க இனி எனக்குக் கை இல்லை, பேச்சை முடித்துக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. கை கூப்பாமல் வணக்கம் சொல்வதற்கு மன்னியுங்கள். வால் இன்னும் காயவில்லை.