ஒரு ஸ்பூன் போதும்

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது, சார். நான் சொல்லச் சொல்ல நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அது வேண்டாம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழில்தான் படித்தேன், கையெழுத்துக்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். நானே எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்க உங்கள் ஸ்டேஷனில் ஆள் இருக்கும்.

என் பெயர் கத்தரீனாள். வயது முப்பத்தொன்பது. பீர்மேடு பக்கத்தில் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறேன். எட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளினேன், முதுகு போனது. அதன் பிறகு ஆறு வருஷம் ஜோபி முதலாளி வீட்டில் வேலை. அவர் சின்ன ஜாதி நாய் வளர்த்து விற்கிறவர். விற்கிறவராக இருந்தார் என்று எழுத வேண்டும், அவர்தான் இப்போது இல்லையே. அவர் எப்படிச் செத்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு முதலில் சின்ன நாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

சின்ன நாய் பாதி பிறப்பு, பாதி கைவேலை. குட்டி இரண்டு கிலோவுக்கு வளர்ந்தால் பத்தாயிரத்துக்குக் கேட்பார்கள். அதே குட்டி எண்ணூறு கிராமில் நின்றால் நாற்பதாயிரம். ஏலக்காய்க்கு எடை கூடினால் காசு, இதற்கு எடை குறைந்தால் காசு. கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்து போனில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு டீ கப்பில் உட்காருகிற நாய்தான் வேண்டும். முதலாளி நிஜமாகவே கப்பில் உட்கார வைத்துப் படம் எடுப்பார். அந்தக் கப்பை நான்தான் கழுவி வைப்பேன்.

எண்ணூறில் நிறுத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தாய்ப்பாலைச் சீக்கிரம் மறக்கடிக்க வேண்டும். பிறகு வேளைக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி, மீதி வெந்நீர். வயிறு உப்பிக்கொள்ளும், குட்டி கத்தாது. "ஒரு ஸ்பூன் மதி, கத்ரீனே. கூட கொடுத்தா அது பட்டியாயிப் போகும்" என்பார். அவர் தமிழ் அப்படித்தான், பாதி மலையாளம். மதி என்றால் போதும், பட்டி என்றால் நாய். அதுவரைக்கும் அது என்னவாக இருந்தது என்று நான் கேட்டதில்லை.

பசியில் சில குட்டிகள் திடீரென்று துவண்டு விழும். ஈறில் சர்க்கரைப் பாகு தடவினால் பத்தில் ஏழு எழுந்துகொள்ளும். மீதி மூன்றை ஏலத்தோட்ட ஓரத்தில் புதைப்பேன். எலும்பு தெரிகிற குட்டிக்கு ட்ரையர் போட்டு முடியைத் தூக்கிவிட்டால் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. தாய்க்கு இடுப்பு சின்னது, பிரசவம் தானாக ஆகாது. மூன்று முறை வயிற்றைக் கிழித்துத் தைத்த நாய் எங்களிடம் இருந்தது, நான்காவது முறையும் அதைத்தான் ஜோடி சேர்த்தார். இதெல்லாம் என் கண்ணால் பார்த்தது, பாதி என் கையால் செய்தது. சம்பளத்துக்குச் செய்தேன். அதை நான் ஒளிக்கவில்லை.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். சிஞ்சு. எட்டு வயது. அவள் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார், அவரை இதில் இழுக்க வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூலை மாதம், மழைக்குக் கலெக்டர் லீவு விட்டிருந்த வாரம். லயத்தில் தனியாக விட மனமில்லாமல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கூண்டு கழுவுகிற நேரத்தில் அவள் தன் சோற்றில் பாதியைப் பிசைந்து குட்டிகளுக்கு ஊட்டியிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். கையும் களவுமாகப் பிடித்தபோது, "அதுகளுக்குப் பசிக்குதும்மா. வெரலச் சப்புது பாரு" என்றாள். அதற்குள் முன்பணம் வாங்கி வைத்திருந்த இரண்டு குட்டிகள் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டன.

முதலாளி தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கையை ஓங்கவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. வெளியே முற்றத்தில் தாய் நாய்களின் பெரிய கூண்டு காலியாகக் கிடந்தது. "அரை மணிக்கூர் அதில இருக்கட்டே. எங்கிலே படிக்கும்" என்றார். அப்போதுதான் புத்தி வரும் என்று. அந்த வார்த்தையில்தான் என் பிள்ளை கூண்டுக்குள் போனாள். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தீவனம் வாங்கப் போய்விட்டார். எனக்குக் குமுளி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது, கம்பத்திலிருந்து வருகிறவரிடம் மூன்று குட்டிகளை ஒப்படைக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கூண்டுக்கு மேலே தகரம் பாதிதான். பிள்ளை மூன்று மணி நேரம் அதற்குள் நின்றிருக்கிறாள்.

ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளை. சளி நெஞ்சில் கட்டி, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். கூண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டிக்கு முதலாளிதான் பணம் கொடுத்தார். கல்லறையில் என் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டையை அவர் தொண்டைக்குள் திணிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனேன்.

அந்த வீட்டுக்கே ஏன் திரும்பப் போனாய் என்று கேட்டீர்கள். கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் வரும். தினமும் காலையில் எழுந்ததும், சிஞ்சுவைக் கொன்றது அவன்தான் என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். அப்புறம்தான் ஜெபம். சொல்லாமல் விட்ட நாளில் எனக்குக் கை ஓடாது. பதின்மூன்று மாதம் இப்படிப் போனது.

போன ஆகஸ்டில் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுதும் விழுந்துபோய், பேச்சும் போய்விட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவர் மனைவி ஜிஷா மேடம் அயர்லாந்தில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. ஒரு மாத லீவில் வந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது என்னைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். "கத்ரீனா, உன்னை விட்டா எனக்கு ஆரையும் விசுவாசம் இல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கி அடுக்கினார். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

முதல் மூன்று மாதம் அதில் ஒரு சொட்டுக்கூட நான் குறைக்கவில்லை. புண் வராமல் புரட்டிப் போட்டேன், மலம் அள்ளினேன், குழாயைக் கொதிநீரில் கழுவினேன். இதை நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், அவ்வளவு பகை இருந்தால் முதல் நாளே ஏன் ஆரம்பிக்கவில்லை என்று. புத்தி தெளியாத ஆளைத் தண்டித்து என்ன பிரயோஜனம், சார்? யார் செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் காத்திருந்தேன்.

டிசம்பரில் கண் தெளிந்தது. நான் நடக்கிற பக்கமெல்லாம் கண் திரும்பியது. அன்றிலிருந்து அவர் சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். வேளைக்கு ஒரு ஸ்பூன் மாவு, மீதி வெந்நீர். நேரம் தவறியதில்லை. ஊற்றும்போது, "சின்ன வயிறுதான மொதலாளி, ஒரு ஸ்பூன் போதும்" என்று சொல்வேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். துவண்டுபோனால் ஈறில் சர்க்கரைப் பாகு தடவி எழுப்பிவிடுவேன். சீக்கிரம் போய்விடக் கூடாது.

மிச்சமான மாவை நான் திருடவில்லை. விற்கவும் இல்லை. வீட்டில் அப்போது இரண்டு தாய் நாய்களும் ஐந்து குட்டிகளும் மீதி இருந்தன. கெட்டியாகக் கரைத்து அவற்றுக்கு வைத்தேன். தட்டை அவர் கட்டிலுக்கு நேரே, கண் படுகிற இடத்தில் வைத்தேன். அவை நக்கி முடிக்கிறவரை சத்தம் அவருக்குக் கேட்கும். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போகும், துடைத்துவிடுவேன். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைப்பானேன்?

ஜிஷா மேடம் தினமும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவார். அதற்கு முன்னால் முகம் வழித்து, கம்பளித் தொப்பி போட்டு, இரண்டு ஸ்வெட்டர் மாட்டி, கன்னத்துக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துவிடுவேன். விற்கிற குட்டியைப் படத்துக்குத் தயார் செய்த கைதானே. "இச்சாயன் மெலிஞ்சு போயல்லோ, கத்ரீனா" என்பார், புருஷனை அப்படித்தான் சொல்வார். "வயித்துக்குப் பிடிக்கல மேடம், போயிக்கிட்டே இருக்கு" என்பேன். சனிக்கிழமை தோறும் உடற்பயிற்சி கொடுக்க வந்த பினுவிடம், மேடம் வேறு ஆளை வைத்துவிட்டார் என்று சொல்லி நிறுத்தினேன். மேடத்திடம், பினு ஒழுங்காக வருகிறார் என்று சொன்னேன்.

விழும்போது அவர் எண்பத்துநாலு கிலோ. புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பிப்ரவரியில் நான் ஒருத்தியே தூக்கி நாற்காலியில் வைத்தேன். ஒரு நாள் குட்டிகளை நிறுக்கிற தராசு கண்ணில் பட்டது. அவர் கையை மட்டும் எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முள் எண்ணூறைத் தாண்டவில்லை. அதை அவரிடமும் சொன்னேன். மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் பாகு தடவியும் எழுந்திருக்கவில்லை.

ஜிஷா மேடம் அடக்கத்துக்கு வந்தார். பெட்டியில் கிடந்தவரைப் பார்த்து அழுதார், நோய்தான் இப்படி உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாய்கள் காலைச் சுற்றிக்கொண்டன. அப்போதுதான் அழுகை நின்றது. "ஈ பட்டிகளு எந்தா இத்ர தடிச்சது?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு பெருத்திருக்கின்றன என்று. நர்ஸ் அல்லவா, காலி டப்பாவையும் நாய்த் தட்டில் ஒட்டியிருந்த மாவையும் ஒரு நிமிஷத்தில் சேர்த்துப் பார்த்துவிட்டார். நான் மறுக்கவில்லை.

ஆக, ஜோபி முதலாளியைப் பட்டினி போட்டுக் கொன்றது நான். என் மகளுக்காகச் செய்தேன். இத்தோடு கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் நீங்கள் பினுவைக் கூட்டி வந்து எதிரே உட்கார வைத்துவிட்டீர்கள்.

பினு சொன்னது சரிதான். டிசம்பர் முதல் சனிக்கிழமை முதலாளிக்கு நாக்கு அசைந்தது. "தாக்கோல், தாக்கோல்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மலையாளத்தில் சாவி. பினு அலமாரிச் சாவி என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரத்துல மேடத்துக்கிட்ட அவரே பேசிருவார் பாருங்க சேச்சி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் நான் ஸ்பூனைக் குறைத்தேன். தேதியை நீங்கள் ஒத்துப் பார்த்துவிட்டீர்கள், அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கூண்டுக்குச் சாவி ஒன்றுதான். பூட்டுவதும் திறப்பதும் என் வேலை. அன்றும் நான்தான் பூட்டினேன். "அரை மணின்னா எம்புட்டு நேரம்மா?" என்று சிஞ்சு கம்பிக்குள்ளிருந்து கேட்டாள். "பேசாம நில்லு. ஒன்னால எனக்கு இருக்கிற வேலையும் போகப்போவுது" என்றேன். பஸ் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். வண்டிப்பெரியாறு தாண்டும்போது அது இடுப்பில் குத்தியது. இறங்கித் திரும்பலாம் என்று நினைத்தேன். குமுளியில் அந்த ஆள் காத்திருப்பாரே, முதலாளி திரும்பி வந்து எப்படியாவது திறந்துவிடுவார் என்று உட்கார்ந்துகொண்டேன். நான் திறந்துவிட்டுத்தான் போயிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்துவிட்டுப் பதினொரு முறை போன் அடித்தார். குட்டி விலையைக் கேட்பார் என்று நான் எடுக்கவில்லை. ரம்பத்தால் பூட்டை அறுத்து, பிள்ளையைத் தன் சட்டைக்குள் சுற்றி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவர்தான். அதன் பிறகு சாவியைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாவி என்னிடம்தான் இருந்தது, சார். ஆனால் கூண்டில் அடைக்கச் சொன்னது அவர்.