குளிர்காலத்தில் படி கழுவும் முறை

பூட்ஸைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வாருங்கள். தரையை எப்படியும் நான் கழுவத்தான் போகிறேன். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில். பின்பக்கச் சரிவு வழியாக உங்களைச் சுற்றி வரச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். முன்பக்கப் படியில் அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தேன். போலீஸ் அதிகாரி ஒருவர் என் படியில் சறுக்கினால் எனக்கல்லவா கெட்ட பெயர்.

என் மனைவி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். பொய் சொல்லத் தெரியாதவள். எங்கள் இல்லறத்தில் நான் பட்ட ஒரே கஷ்டம் அதுதான். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மிச்சத்தை நானே சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கழிப்பறையிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும்.

இந்தப் பூங்காவில் மேடு என்று இருப்பது இந்த ஒன்றுதான். எந்தப் புண்ணியவானோ கழிப்பறையைக் கொண்டுவந்து மேட்டின் மேல் கட்டிவிட்டார். அதை ஒட்டிக் காவலாளுக்கு இந்த அறை. முன்னால் படி, பின்னால் சரிவு. குளிர் தொடங்கினால் எனக்குக் கை ஓயாது. ஊஞ்சல் பலகைகளைக் கழற்றி உள்ளே அடுக்க வேண்டும். குடிநீர்க் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுச் சாக்கு சுற்றிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உறைந்து குழாய் வெடித்துவிடும். கழிப்பறையிலும் இந்த அறையிலும் மட்டும் ஹீட்டரும் வெந்நீரும் உண்டு. குளிர்காலத்தில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வெந்நீரில் கை கழுவத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம். கழுவிவிட்டு, வந்ததற்கு ஒரு சுற்று நடப்பார்கள்.

நகரசபை இன்ஜினியருக்கு இது பொறுக்கவில்லை. குளிரில் யார் பூங்காவுக்கு வருகிறார்கள், கழிப்பறையைப் பூட்டிவிட்டுக் காவலாளைக் கோடையில் வரச் சொன்னால் போதாதா என்று ஆரம்பித்தார். கோடை வரை நான் எங்கே போவது? எங்களுக்கு இந்த அறையை விட்டால் வேறு வீடு கிடையாது. இதைப் பூட்டினால் என் சகலை வீட்டில் போய் ஒண்ட வேண்டும். ஒருவேளைச் சோறு போட்டால் ஒன்பது வேளை சொல்லிக்காட்டும் மனிதர் அவர். முன்பு ஒரு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தாயிற்று. நான் ஹீட்டர் பக்கம் நகர்ந்தால் மின்சார மீட்டரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். மானமுள்ளவன் அங்கே இரண்டாவது குளிர்காலம் இருக்க மாட்டான். இதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் விழுந்தவர் டிராயிங் வாத்தியார். அவர் விஷயத்தில் என் மேல் குற்றமே இல்லை. வழக்கமாகப் படியை முற்பகல் வெயிலில் கழுவுவேன், மதியத்துக்குள் காய்ந்துவிடும். அன்று குழாய்களுக்குச் சாக்குக் கட்டுவதில் பொழுது போய்விட்டது, சாயங்காலம்தான் கழுவினேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் உறைந்து படி முழுக்கக் கண்ணாடி. வாத்தியார் கனமான மனிதர். சரிவு வழியாக ஏறி வந்தவர், மேல்படியில் தொடங்கி ஒரு படியையும் விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே போய்ச் சேர்ந்தார். நான்தான் ஓடிப்போய்க் கம்பளி போர்த்தி, வெந்நீர் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் முறிவு. காவலாள் இருந்ததால் பிழைத்தார் என்று பேப்பரில் என் படத்தோடு வந்தது. அந்த வருடம் இன்ஜினியர் பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் தோளைத் தட்டி, "நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். நான் இல்லாவிட்டால் வாத்தியார் விழுந்திருக்கவே மாட்டார். ஆனால் இன்ஜினியர் கேட்டது அந்த அர்த்தத்தில் இல்லை.

ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்கள். அடுத்த குளிர்காலம் வந்ததும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது, மறுபடியும் பூட்டு, சாவி என்று பேச ஆரம்பித்தார். யாராவது நினைவுபடுத்தத்தானே வேண்டும்? ஆளை நான் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கவில்லை. வயதானவர்கள் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகள் கூடாது என்று எனக்கும் ஒரு நியாயம் உண்டு. இன்சூரன்ஸ்காரர் என்று ஒருவர் தினமும் முதல் ஆளாக வருவார். கை துடைக்க ஒரு சுருள் காகிதத்தையும் உருவிவிடுவார். ஊருக்கெல்லாம் சொல்வதை ஒருமுறை தானும் அனுபவித்துப் பார்க்கட்டும் என்று தோன்றியது. மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கட்டைக் காட்டியே நிறையப் பாலிசி பிடித்தார் என்று கேள்வி. ஆக, யாருக்கும் கெடுதல் இல்லை.

ஒன்றை நீங்கள் பிரித்து எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றியது நான். உறைய வைத்தது குளிர்.

இந்த வருடம்தான் சிக்கல். என் நல்ல குணமே எனக்கு எமனாக வந்தது. இரண்டு விபத்துக்குப் பிறகு படியில் மணல் தூவினேன், பலகை எழுதி மாட்டினேன், பார்த்துப் பார்த்து என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கத்தினேன். ஊரே தேறிவிட்டது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, நடை பழகும் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பாதிப் பேர் சரிவு வழியாகவே போக ஆரம்பித்தார்கள். இன்ஜினியரோ வார முடிவில் பூட்டு போடுவதாகச் சொல்லிவிட்டார்.

என்னை நம்பிக் கைப்பிடியைத் தொடாமல் இறங்குகிறவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். நர்சம்மா. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கே நடக்க வரும் கிழடு கட்டைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவி. காலையில் பின்வாசல் வழியாக வருவார், சரிவில் ஏறிக் கழிப்பறைக்குப் போவார், முன்படியில் இறங்கி நடக்கத் தொடங்குவார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "நீ கழுவுன படின்னா நான் கண்ண மூடிட்டு இறங்குவேன்" என்பார்.

பூட்டக் கூடாது என்று நகரசபைக்கே போய்ச் சண்டை போட்டவரும் அவர்தான். நானும் கூடப் போயிருந்தேன். இன்ஜினியர் மேஜைக்கு முன்னால் நின்று, "ஏன் சார், குளிர்லதான் ஒண்ணுக்கு அடிக்கடி வரும். குளிர்லயே கக்கூசப் பூட்டுனா வயசானவங்க வீட்டவிட்டு வெளியவே வரக்கூடாதா?" என்று கேட்டார். அலுவலகமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. இன்ஜினியர் காது வரை சிவந்து, "பாக்கலாம்மா" என்றார். பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். சர்க்கார் வேலையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு வயது அதிகம் என்பது எனக்குத் தெரியும். என் நியாயத்தை நானே மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு ஆள் இல்லை, புரிகிறதா? மற்ற யாரும் என்னை நம்பவில்லை.

சாயங்காலம் படியைக் கழுவினேன். மணல் தூவவில்லை. காலையில் கம்பளியும் வெந்நீரும் தயாராக வைத்துவிட்டுப் படிக்குக் கீழே நின்றேன். நர்சம்மா வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. கீழ வந்து சொல்றேன். படி காஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"காஞ்சிதான் இருக்கு, வாங்க" என்றேன்.

தலை படியின் விளிம்பில் பட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. இடுப்போ கையோ என்றுதான் நினைத்திருந்தேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "பயப்படாத தம்பி, நான்தான் பாக்காம கால வச்சிட்டேன்" என்றார். பிறகு அந்தச் சேதியையும் சொன்னார். "பூட்ட மாட்டாங்களாம். நேத்து சாயங்காலம் இன்ஜினியரே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு." அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

நான் அழுதேன். பொய் அழுகை இல்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் கோபமும் வருகிறது. இந்தச் சேதியை மேல்படியில் நின்றே சொல்லியிருந்தால் நானே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கியிருப்பேன். நல்ல சேதியை யாராவது ஒத்திப்போடுவார்களா? படித்தவர், இத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் செய்த அந்த ஒரு தவறு இன்று என் தலையில் விடிந்திருக்கிறது.

என் மனைவி கண்டுபிடித்தது என் ஆணி பூட்ஸை வைத்து. அடியில் ஆணி வைத்தது, உறைபனியில் வழுக்காது, நகரசபை கொடுத்தது. பரணில் கிடக்கும், பனி கண்ட பிறகுதான் இறக்குவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கதவோரம் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"நர்சம்மா விழறதுக்கு முந்தின நாளே இத எதுக்கு இறக்கி வச்சீங்க?" என்றாள்.

"ராத்திரி உறையும்னு தோணுச்சு."

"உறையும்னு தெரிஞ்சுதான் படியில தண்ணி ஊத்துனீங்களா?"

இருபது வருடம் குழாயைத் திறந்து மூடத் தெரியாதவள், அன்று வக்கீல் மாதிரி கேட்டாள். பெட்டியைக் கட்டினாள். அந்தச் சகலை வீட்டுக்கு அவளாகவே விரும்பிப் போகிறாள் என்றால், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று பாருங்கள். அவள் இங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும்.

இனிமேல் பூங்காவையே பூட்டப் போவதாகச் சொன்னீர்கள். அது சரியில்லை. காவலாள் இருக்கும்போதே இப்படி என்றால், இல்லாவிட்டால் என்ன கதி? இன்ஜினியருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் அம்பலம் ஏறாது. உங்களைப் போலப் பதவியில் இருக்கிறவருக்கு ஒன்று என்றால்தான் அவர்கள் காது கேட்கும்.

பேச்சு சுவாரசியத்தில் வெயில் இறங்கியதைக் கவனிக்கவில்லை. கிளம்பலாம், நான் எங்கும் ஓட மாட்டேன். எழுதியதைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொள்ளுங்கள், வெளியே விறைத்துப் போகும். ஜீப் முன்வாசலில்தானே நிற்கிறது? பிறகு எதற்குச் சரிவில் சுற்ற வேண்டும், முன்பக்கமாகவே போகலாம். நீங்கள் முன்னால் நடங்கள். இந்த ஆணி பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பளியையும் எடுத்துக்கொண்டு, இதோ பின்னாலேயே வருகிறேன்.

படியா சார்? காஞ்சிதான் இருக்கு, இறங்குங்க.