தங்கமான சிஸ்டர்

உங்களுக்குச் சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது ஐயா. பேச்சிலேயே தெரிகிறது. வெந்நீர் குடியுங்கள். அவசரமில்லை, நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். ஓடுகிற குணம் எனக்கு இல்லையென்று அந்த நிபுணரே சொல்லிவிட்டாரே.

அவரிடமிருந்தே தொடங்குகிறேன். எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தேறி வீட்டுக்குப் போவதில்லை. மற்ற மருத்துவமனைகள் கைவிரித்த பிறகு, வலியில்லாமல் போய்ச் சேர வருகிறார்கள். அதனால் எங்களிடம் பெரிய மருந்து வலி ஊசிதான். குப்பிகளில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் இருக்கிறது என்று ஒருநாள் தெரிய வந்தபோது, நிர்வாகம் உங்கள் போலீஸைக் கூப்பிடவில்லை. பெயர் கெட்டுவிடும் அல்லவா? மனித மனத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரைக் கூப்பிட்டது.

கடைக்காரர் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். திருப்பிக் கொடுப்பேன் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். கோபம் வருமா என்றார். வராது. வேலைக்குத் தாமதமாக வந்தது உண்டா? இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. திருடுகிறவர்கள் ஒரு தனி ரகமாம். முன்கோபம், பதற்றம், மேலிடத்தை மதிக்காத வாய், அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுக்கிற கை. பொறுமையும் கடமையுணர்ச்சியும் உள்ளவர்களுக்குக் கை நீளவே நீளாதாம். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று தலையாட்டினேன்.

அந்த அளவுக்கு வெட்டித் தைத்தது போல ஒரு ஆள் எங்களிடம் இருந்தான். நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிறவன். முரடன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவனும் திரும்பிப் பார்ப்பான். யார் குடையையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாப்பிட முடியாதவர் தலைமாட்டில் ஆப்பிள் இருந்தால் அவர் எதிரிலேயே கடித்துக்கொண்டு, "வீணாப் போறதுக்கு நான் சாப்பிடறேனே பெருசு" என்பான். அவர்களும் சிரிப்பார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புகாரைக் கிளப்பியவனும் அவன்தான். ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். ஊசி போட்ட பிறகும் அவர் துடிப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டரின் மேஜையைத் தட்டிக் கத்தினான். நோய் முற்றிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். முரடன் விடவில்லை. குப்பிகளைச் சோதிக்க வைத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய்தான் அவனுக்கு வினையாயிற்று. நிபுணர் எல்லோரையும் அளந்து பார்த்துவிட்டு அவனைக் கைகாட்டினார். கோபமுள்ள இடத்தில் குணம் இருக்கும் என்கிற பழமொழி அவர் படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

அவனை வெளியே அனுப்பினார்கள். நான் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். குப்பிகளில் மருந்து மருந்தாகவே இருந்தது. பார்த்தீர்களா, அவன் போனதும் திருட்டு நின்றுவிட்டது என்று நிபுணருக்குச் சால்வை போடாத குறை. அவன் மனைவியைப் பார்த்து ஆறுதல் சொல்லவும் போனேன். அவன் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல் என்று புத்தி சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். தங்கமான சிஸ்டர் என்றாள்.

ஏன் செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கு யார்மேலும் விரோதம் கிடையாது. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணியும் நல்லவள். என் சாப்பாடு மூடி வைத்திருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. கூப்பிட்டதும் இல்லை. ஒருநாள் மருத்துவமனையில் மருந்து வந்து சேரத் தாமதமாயிற்று. ஒரு அம்மாள் வலியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ போயிடாதம்மா, நீ இருந்தாப் போதும்" என்றாள். நாள் முழுக்க விடவில்லை. பிறகு மருந்து வந்தது. ஊசி போட்டதும் என் கையை விட்டுவிட்டுத் தூங்கிப் போனாள். விழித்தபோது நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு என் நோயாளிகள் யாரும் என்னை மறக்கவில்லை.

முரடன் போய், நான் மறுபடி ஆரம்பித்த பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. லீவு போட்டேன். திரும்பி வந்தபோது டிரைவரின் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். நீங்க இல்லாதப்போ அப்பா நல்லாத் தூங்கினாரு. எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைங்களோட பேசினாரு. நீங்க வந்ததும் பழையபடி கத்தறாரு. இவ்வளவு அக்கறையா பார்த்துக்கறீங்க. அப்புறம் ஏன் இப்படி?"

நோய் அப்படித்தான்மா, ஒருநாள் போல ஒருநாள் இருக்காது என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவள் முரடனைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள். அவன் குதிப்பான், கூச்சல் போடுவான் என்று நினைத்திருந்தால் நீங்களும் நிபுணர் கட்சிதான். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு, அவளோடு நேரே உங்களிடம் வந்திருக்கிறான். நீங்கள் வந்தபோது என் பையில் குப்பி இருந்தது. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை எடுத்தது நான். தண்ணீரை நிரப்பி ஊசி போட்டதும் நான்தான். டிரைவருக்கு மட்டுமில்லை, என் பொறுப்பில் விட்ட எல்லோருக்கும். ஒரு சொட்டுக்கூட விற்கவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எடுத்த குப்பியைத் தவிர எல்லாவற்றையும் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாதவளைத் திருடி என்று எழுதலாமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

டிரைவர் போன நேரத்தில் பெற்ற மகள் பக்கத்தில் இல்லை, டீ வாங்கப் போயிருந்தாள். நான் இருந்தேன். அவர் வாய் மருந்து, மருந்து என்றுதான் முனகியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை பிடித்துக்கொண்டது என்னைத்தான் ஐயா. அவருக்கு உண்மையில் எது தேவைப்பட்டது என்று இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்?