ஒழுகாத டேங்க்

— தம்பி, தள்ளி நில்லுங்க. உங்க படகு டேங்க்குல காத்து ஏத்தியிருக்கேன்.

— மீட்டர் முள்ளு இறங்குதாண்ணே?

— எங்க இறங்குது? அரை மணி நேரமா மூணு பவுண்டுலயே நிக்குது. இறங்கினாத்தானே ஓட்டை?

— லேசா ஒரு விரிசல்கூட…

— இல்லவே இல்ல.

— இன்னொரு தடவை சோப்புத் தண்ணி தடவுங்களேன். அந்த வெல்டிங் வச்ச இடத்துல…

— நாலு தடவை தடவியாச்சு. நான்கூட இன்னைக்கு இவ்வளவு குளிக்கல.

— அதோ! மூடிகிட்ட நுரை வருது பாருங்க!

— வராம? மூடியைத் திருகுறது யாரு? கையை எடுங்க முதல்ல!

— சும்மா… பிடிச்சுப் பாத்தேன்.

— டேங்க் கல்லு மாதிரி இருக்கு. நாளைக்குக் காலையில மாமனாரைப் படகுல ஏத்திக்கிட்டு ஜம்முனு கிளம்புங்க.

— அப்ப படகு அடியில தேங்கியிருந்த பெட்ரோல்?

— அதை நானில்ல கேக்கணும்! குழாயும் நல்லாத்தான் இருக்கு. வானத்துலேர்ந்தா கொட்டுச்சு?

— நேரமாச்சு, நான் கிளம்பறேண்ணே.

— தம்பி, என் மூஞ்சியப் பாருங்க.

— வெளிய சொல்லிடாதீங்கண்ணே… நேத்து நான்தான் ஊத்தினேன்.

— அடப்பாவி! ஒரு பொறி பட்டிருந்தா? நானும் பட்டறையும் சேந்து போயிருப்போமே!

— வேற வழி தெரியல. எனக்குத் தண்ணின்னாலே குலை நடுங்கும். நீச்சல்கூடத் தெரியாது. கல்யாணப் பேச்சுல, படகு ஓட்டறதுல புலின்னு அளந்து விட்டுட்டேன்.

— மாமனாரு நம்பிட்டாரா?

— நம்பினதோட விட்டாரா? அவரும் சின்ன வயசுல கடலைக் கலக்கினவராம்! “நாம ரெண்டு பேரும் சேந்து போகணும் மாப்பிள்ளை”ன்னு படகையே வாங்கிக் கொடுத்துட்டாரு. ஒரு வருஷமா சாக்கு சொல்லிச் சொல்லி… இனிமே சொல்ல ஒண்ணுமில்லண்ணே. மானம் போயிடும்.

— அது சரி. எவ்வளவு ஊத்தினீங்க?

— ஒரு டம்ளர். வாசம் வந்தாப் போதும்னு.

— ஒரு டம்ளரா? நான் துணியில ஒத்திப் பிழிஞ்சது ரெண்டு லிட்டருக்கு மேல இருக்குமே!

— சத்தியமா ஒரு டம்ளர்தான்! அப்ப மீதி… டேங்க்குல ஓட்டையும் இல்லேங்கறீங்க…

— காலையில உங்க மாமனார் வந்திருந்தாரு தம்பி. “டேங்க் ஒழுகுது, இனிமே படகு எடுக்க முடியாதுன்னு பக்குவமாச் சொல்லிடுப்பா, மாப்பிள்ளை ரொம்ப ஆசையா இருக்காரு”ன்னாரு. அவரு சட்டையெல்லாம் ஒரே பெட்ரோல் வாசம்.