மைக்கில் சொன்ன ஜெபம்

— வண்டிய நிறுத்திட்டீங்கல்ல, இறங்குங்க. அதோ, என் தம்பி அவன் ஓட்டுற ஸ்கூல் வேனுக்கு அடியிலதான் படுத்திருக்கான். மனசு சரியில்லன்னா அங்கதான் போய்ப் படுப்பான்.

— மன்னிப்புக் கேக்கத்தானே வந்திருக்கேன்? கொஞ்சம் இரு, ஜெபிச்சுட்டு இறங்குறேன்.

— ஐயா சாமி, காலையில ஜெபிச்சது போதும்! மைக்கப் புடிச்சு, சபை மொத்தமும் கேக்க, "என் மச்சானக் குடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே"ன்னு அழுதீங்களே. வேன் முதலாளி ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரு. குடிகாரன் வண்டியில புள்ளைங்கள யாரு ஏத்தி விடுவா?

— மனபாரத்துல சொல்லிட்டேன்டி. தாழ்மையா சொல்றேன், என் கண்ணீர் பொய் இல்ல.

— அவன் மழைக்காலத்துக்கு முன்னாடியே குடிய விட்டாச்சு. தெரியும்ல உங்களுக்கு?

— தெரியும்.

— பின்ன?

— "விட்டுட்டான், ஸ்தோத்திரம்"னு சொன்னா ஒரே வரியில முடிஞ்சுருது. யாரும் அழ மாட்டேங்குறாங்க.

— அட கடவுளே!

— சரி, தப்புதான். கால்லயே விழுறேன், போதுமா? சபை மூப்பர், வயசுல சின்னவன் கால்ல... தாழ்மையா சொல்றேன், இத அடுத்த வாரம் சபையில எந்திரிச்சு சாட்சியாச் சொன்னா எத்தனை பேரு உடைஞ்சு போவாங்க தெரியுமா?

— முதல்ல இறங்குங்க!

— மாப்ள... கொஞ்சம் வெளிய வாயேன்.

— கையெல்லாம் கிரீசு அத்தான். அங்கேருந்தே சொல்லுங்க, கேக்குது.

— உன் கால்ல விழ வந்திருக்கேன்டா.

— கால் மட்டும்தான் வெளிய இருக்கு. விழுறதுன்னா விழுங்க.

— தம்பி, அவர விடு. வேலை போயிருச்சா? அத மட்டும் சொல்லு.

— போகல அக்கா. குடிச்ச கதையெல்லாம் வேலைக்குச் சேரும்போதே முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு அவரச் சபைக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தான்.

— நீயா? எதுக்குடா?

— குடிய விட்டதச் சாட்சி சொல்லலாம்னு. அத்தான் ஜெபிச்சு முடிச்சதும் எந்திரிக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டிருந்தேன். அத்தானுக்கும் ஒரு நன்றி வச்சிருந்தேன்.

— ஸ்தோத்திரம்! பாத்தியாடி? வேலையும் போகல, ஒண்ணும் போகல. என் இருதயம் ஆண்டவருக்குத் தெரியும்!

— வாய மூடுறீங்களா?

— இல்ல, ஒண்ணே ஒண்ணு நேராச் சொல்லு மாப்ள. வேலைதான் போகலயே, அப்பறம் ஏன் ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போன? நீ போறத எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

— கண்ணத் திறந்து வச்சுக்கிட்டா ஜெபிச்சீங்க?

— நீ சும்மா இரு. சொல்லு மாப்ள.

— பக்கத்துல இருந்த முதலாளி குனிஞ்சு என் காதுல கேட்டாரு, "ஜெபிக்கிறாரே, அவருக்கு உன்னத் தெரியுமாப்பா?"ன்னு.

— நீ என்ன சொன்ன?

— "தெரியாதுங்க"ன்னேன்.