மூணு விரல் நடுக்கம்

அடுப்பு எங்கயும் ஓடிப்போயிடாதுக்கா. அந்தப் பையக் கீழ வைங்க, ரெண்டே நிமிஷம். ஷூவக் கழட்டிட்டு இப்படி உள்ள வாங்க. கதவுல மூணு தடவ சீட்டு ஒட்டிட்டுப் போனீங்க, மூணையும் பாத்தேன். கேஸ் சோதனைக்கு வந்தோம், ஆள் இல்லன்னு. ஆள் உள்ளதான் இருந்தேன். வேலன்னு உக்காந்துட்டா எனக்கு பெல்லு கில்லு எதுவும் தெரியாது. இன்னிக்கு நான் குப்ப போட வெளிய வந்தது உங்க நல்ல நேரம். இல்ல, என் நல்ல நேரம்.

அந்த மாஸ்க்க மட்டும் எடுத்துடறீங்களா? எனக்கு ஜலதோஷமெல்லாம் கெடயாது, பயப்படாதீங்க. மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசறவங்களோட எனக்குப் பேச வராது, அவ்ளோதான். ஆங், இப்ப சரி. சட்டைல பேரு என்ன, ஓக்பூன். ஓக்பூன் அக்கா, இந்த நாற்காலில உக்காருங்க. ஆரஞ்சு எடுத்துக்குங்க, ஜேஜு தீவு ஆரஞ்சு, சக்கரையா இருக்கும்.

இதுவா? பியானோ இல்லக்கா, வெறும் கட்டை. சத்தமெல்லாம் கம்ப்யூட்டர்லருந்து வரும். நான் டிவி சீரியலுக்கு மியூசிக் போடற ஆளு. காலைல எட்டு மணிக்கு வருமே, சோயா சாஸ் கம்பெனி வச்சிருக்கற குடும்பம், பெரிய மருமக ஒருத்தி... ஆங், அதேதான்! பாக்கறீங்களா? போற வீட்லல்லாம் அதான் ஓடுதா? அந்தப் பெரிய மருமகளப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. நூத்திப் பதினெட்டு எபிசோடா அவ கதவத் தெறக்கறப்பல்லாம் டொம்முனு ஒன்னு போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சுபோச்சு.

அப்ப அந்தக் குடும்பத்து அம்மாவயும் தெரியுமில்ல? அவங்களுக்கு நெனப்பு தப்பிடுது. நாளைக்கு வர்ற எபிசோடுல மகன் வந்து எதிர்ல உக்காருவான். இருபது வருஷம் கழிச்சு வர்றான்க்கா. அவங்களுக்கு அவன் யாரோ விருந்தாளி. ஒரு ஆரஞ்ச உரிச்சு, மேல இருக்கற வெள்ள நார ஒன்னொன்னா எடுத்து, சாப்பிடுங்கன்னு நீட்டறாங்க. பேச்சே கெடயாது. நாப்பது செகண்டு. அந்த நாப்பது செகண்டும் ஹேகும்தான் அழணும்.

ஏங்க்கா உரிக்காம கைலயே வச்சிருக்கீங்க? சாப்பிடுங்க.

ஆமா, வில்லு வச்சு இழுப்பாங்களே, அதே ரெண்டு கம்பி ஹேகும்தான். நல்ல கைல அது அழும். நடுக்கம் இல்லன்னா வெறும் கொசு. நான் என்ன பண்ணிருக்கேன்னா, ஒரு நல்ல வித்வான உக்கார வச்சு, ஒவ்வொரு சுரமா, நடுக்கமே இல்லாம வாசிக்கச் சொல்லிப் பதிஞ்சு வச்சிருக்கேன். இந்தக் கட்டைய அழுத்துனா அந்தச் சுரம் வரும். நடுக்கத்த நான் அப்புறமா சேக்கணும். பக்கத்துல இருக்கு பாருங்க, சின்னச் சக்கரம். இத மேல தள்ளுனா நடுங்கணும், கீழ எறக்குனா அடங்கணும். அப்படி நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கணும். வேல இவ்ளோதான். ஒரு நாளைக்கு நூறு தடவ செஞ்ச வேல.

செஞ்சு அனுப்பினேன். காலைல டைரக்டர் நாம்குங் என்ன எழுதிருக்காரு, படிக்கிறேன் கேளுங்க. ஹேகும் லிஃப்ட்டுல அடிக்கற மணி மாதிரி இருக்கு, ஒரு மணிக்குள்ள சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். இப்ப மணி பன்னண்டு இருபது. இங்க ஒரு எடத்துல விட்டா விட்டதுதாங்க்கா, அடுத்த சீரியலுக்கு யாரும் கூப்பிட மாட்டான். எனக்கு வயசு அம்பத்திமூணு. வேற ஒரு வேலயும் தெரியாது.

அதான் உங்ககிட்ட கேக்கறேன். ஆறு மாசமா இதயே கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போச்சு. புதுக் காது வேணும். கூட்டாளிங்களா? அவனுங்ககிட்ட கேட்டா சாயங்காலத்துக்குள்ள சியோல் முழுக்கத் தெரிஞ்சுடும், இவனுக்கே இவன் வேல மேல நம்பிக்க இல்லன்னு. நீங்க யாருகிட்டக்கா சொல்லப்போறீங்க?

சங்கீதமெல்லாம் தெரிய வேணாம். கையத் தூக்குங்க. நடுக்கமே இல்லன்னா மூடுன கை. கொஞ்சம்னா ஒரு விரல். ரொம்ப ஆடுனா அஞ்சு. வாயத் தெறக்காதீங்க, கை மட்டும் போதும். வாசிக்கறேன்.

ஏன் காதப் பொத்தறீங்க? ஐயய்யோ, அவ்ளோ சத்தமா? மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க, கொறைக்கறேன். இப்ப? சரி.

சக்கரத்த மேல தள்ளறேன். இன்னும் தள்ளறேன். முழுசாத் தள்ளிட்டேன். என்னக்கா மூடுன கையே காட்டறீங்க? நல்லாக் கேளுங்க. ஸ்க்ரீன்ல முள்ளு ஆடுது பாருங்க, எப்படி ஆடுது! நடுங்கலயா? பின்ன என்ன ஆகுது? மெதுவாச் சொல்லுங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க. சத்தம் மட்டும் கூடுதா?

சத்தமா கூடுது?

இருங்க. இருங்க இருங்க. சக்கரம் இந்த வரிசைல இருக்கு. போயிச் சேர்ற எடம், சத்தம். அடப் பாவி. அது பழைய கோடு, அத எடுக்கவே இல்ல. நடுக்கத்துக்குப் போற கோடு இதோ கீழ இருக்கு. கோடு போட்டிருக்கேன், எவ்வளவுங்கற கட்டத்துல பூஜ்யம். குழா போட்டு வீடு வரைக்கும் தண்ணி இழுத்துட்டு வாசல்ல தெறக்காம விட்ட கதை. முள்ளு ஆடுறதப் பாத்து ஏமாந்துட்டேங்க்கா. சத்தம் கூடுனாலும் முள்ளு ஆடத்தான் ஆடும், அதுக்கு என்ன? இதுக்கு முந்தி அனுப்புன நாலும் இப்படித்தான் போயிருக்கு. என் பேரப் போட்டு.

இல்ல, ஒன்னுமில்ல. கண்ணு எரியுது, அவ்ளோதான்.

நாப்பது வைக்கறேன். கையக் காட்டுங்க... அஞ்சு விரலா? பேய் புடிச்ச மாதிரி ஆடுதா? சிரிக்காதீங்க. பதினஞ்சு. ஒரு விரல். சரி, இருபத்திரெண்டு. எடுத்த எடுப்புல நடுங்கக்கூடாதுக்கா, சுரம் வந்து நிக்கணும், நின்னு தாங்க முடியாமதான் நடுங்கணும். அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு, அரை செகண்டு தாமதம்னு வைக்கறேன். படத்தோட சேத்து வாசிக்கறேன், இந்தப் பக்கம் பாருங்க. அவங்க நார் எடுக்கறாங்க. சக்கரம் கீழ. இப்ப நீட்டறாங்க. மேல, மெதுவா, மெதுவா...

மூணு. மூணு விரல். ஓக்பூன் அக்கா, நீங்க அழறீங்க. இல்ல, தொடைக்காதீங்க, நான் பாக்கணும். எந்த எடத்துல தண்ணி வந்துச்சு? அவன் ஆரஞ்ச வாங்குனப்பவா? போதும். தொடல இனி. அனுப்பிட்டேன். போயிடுச்சு.

நீங்க போயி உங்க வேலயப் பாருங்கக்கா. அடுப்பு இடது பக்கம், பின்னாடி குழா. நான் ஒரு சிகரெட் பிடிச்சுக்கறேன், பத்து நாளா பிடிக்கத் தோணல. இந்தா, அதுக்குள்ள பதில் வந்துடுச்சு! நாம்குங்தான். இதுதான் வேணும், கண்ணு கலங்கிடுச்சுன்னு எழுதிருக்காரு. நாலு மணிக்கு நேர்ல வர்றாராம், கடைசி எபிசோட கூட உக்காந்து முடிச்சுடலாம்னு.

கூட உக்காந்தா?

அக்கா, நாலு மணிக்கு எங்க வேல உங்களுக்கு? இதே தெருவா? அந்த மூலைல உக்காந்து விரலக் காட்டுனாப் போதும், எங்க அக்கான்னு சொல்லிக்கறேன். என்ன சொல்றீங்க? லைட்டர் எங்க வச்சேன்... ஆங்.

ஐயோ! எதுக்குத் தட்டி விட்டீங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஜன்னல ஏன் தெறக்கறீங்க, குளிருது. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, முதுகக் காட்டாதீங்க. குழாய்ல கசிவா? மூடிட்டீங்களா? கத்துனீங்களா? எத்தன தடவ? சமையக்கட்டுலருந்து கத்துனீங்களா?

கையில இருக்கற கேஸ் கருவி... அதுல செவப்பு வெளக்கு எரியறது தெரியுது. கத்துதா அது? இப்பவுமா?

இல்லக்கா, கேக்கல. இடது காது சின்ன வயசுல அம்மை போட்டப்பவே போச்சு, அதான் வாயப் பாத்துப் புரிஞ்சுக்கப் பழக்கம். வலதுதான் சோறு போட்டுது. பதினோரு நாள் முந்தி காலைல எந்திரிச்சேன், அதுவும் இல்ல. டாக்டர் ஊசியெல்லாம் போட்டுட்டு, இனி காது திரும்ப வர்றது கஷ்டம்னு எழுதிக் காட்டிட்டாரு.

அப்படிப் பாக்காதீங்க. கருவிய அணைக்காதீங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். அது எப்படி கத்துதுக்கா? நேரா அடிக்குதா, நடுங்குதா? வாயால வேணாம். விரலக் காட்டுங்க.